தோன்றா எழுவாய்

கோயம்புத்தூரில் சரவணம்பட்டியைத் தாண்டிப் போனால், கண்ணாடி போர்த்திய கட்டடங்கள் வரிசை கட்டி நிற்கும் சாலை ஒன்று வரும். அந்தச் சாலையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பதவி உயர்வு என்பது பேச்சுக்கு உயர்வாக இல்லாமல், மெய்யாகவே உடம்பின் உயரமாக வந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் உயரம் போதவில்லை என்று ஏங்குகிறவர்கள் எல்லோரும் நாளைக் காலையே பயோடேட்டாவோடு அதன் வாசலில் நிற்பார்கள், உள்ளே நடந்ததைக் கேட்டபிறகு வந்ததைவிட வேகமாகத் திரும்பி ஓடுவார்கள், எதற்கு வீண் அலைச்சல்.

முதலில் வளர்ந்தவன் லோகநாதன். அன்னூர்க்காரன், முப்பதைக் கடந்தவன், ஒரு டீமுக்கு லீட். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடிந்தால் இந்தக் கதை எனக்குச் சுலபமாகியிருக்கும். ஆனால் அவன் தினமும் மத்தியானம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சாப்பிட்டாளா என்று கேட்கிறவன், பக்கத்துச் சீட்டுக்காரன் டிபன் கொண்டுவரவில்லை என்று தெரிந்தால் தன் டப்பாவிலிருந்து பாதியை வாய் பேசாமல் அவன் பக்கம் தள்ளிவிடுகிறவன். சோற்றைப் பங்கு போடத் தெரிந்தவனுக்குப் பெயரைப் பங்கு போடத் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் விஷயம்.

அவனுடைய டீமில் செல்வநாயகி என்று ஒருத்தி இருந்தாள். தாராபுரத்துப் பக்கம். சேலத்தில் ராஜமாணிக்கம் என்ற பஸ் முதலாளிக்காக இவர்கள் நடத்திவந்த டிக்கெட் பதிவு மென்பொருளில் எந்தக் கோளாறு வந்தாலும் அது கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். அவள் உடனே கை வைக்க மாட்டாள். அந்தப் பகுதியின் கோடிங்கை முதல் வரியிலிருந்து, சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையைப் படிக்கிற மாதிரி ஒரு பெயர் விடாமல் படிப்பாள். படித்துவிட்டு, மேஜைமேல் வைத்திருக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் தலையை ஒரு தட்டுத் தட்டி, கோளாறு என்ன என்று அதற்கு மெல்லிய குரலில் விளக்குவாள். அது தலையாட்டி முடிப்பதற்குள் தப்பு எங்கே என்று இவளுக்குப் பிடிபட்டுவிடும். சரி செய்துவிட்டு, அதே தப்பு மறுபடி வந்தால் வாசலிலேயே மறித்து நிறுத்துவதற்கு ஒரு சோதனையும் எழுதி வைத்துவிட்டு, மகளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விடுவாள்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால், ஒரே சீட்டு இரண்டு பேருக்கு விற்றுப்போகிற கோளாறு வந்தது. சேலம் பஸ் ஸ்டாண்டில் ஒரே ஜன்னலோரச் சீட்டுக்கு இரண்டு பேர் டிக்கெட்டை நீட்டிச் சண்டை போட, ராஜமாணிக்கம் இங்கே போனில் சண்டை போட்டார். பெரிய பெரிய ஆட்கள் பார்த்தும் பிடிபடவில்லை. செல்வநாயகி படித்தாள், பொம்மையிடம் பேசினாள், கண்டுபிடித்தாள்: பயணியின் பெயரைக் கேட்டு, பணத்தை வாங்கி, அதற்கப்புறம்தான் சீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தது மென்பொருள், அந்தச் சந்தில் இன்னொருவர் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறார். முதலில் சீட்டைப் பூட்டு, அப்புறம் பேரைக் கேள் என்று மாற்றினாள். அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்றபடியே நேற்று என்ன செய்தோம் என்று சொல்லும் கூட்டம் ஒன்று அங்கே தினமும் உண்டு. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று நின்றே நடத்துவார்கள். அதில் அவள் சொன்னது இது: "அந்த ரெட்டச் சீட்டுப் பிரச்சன முடிஞ்சிருச்சுங்க."

பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'படித்தாய்' என்று சொன்னால், 'நீ' என்ற சொல் வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். செல்வநாயகி அந்த அளவுக்குக்கூடத் தன் வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கவில்லை. பிரச்சினை வந்துச்சுங்க, பார்த்தாச்சுங்க, முடிஞ்சிருச்சுங்க. மழை வந்தது, நின்றது என்பது போல, வேலை தானே வந்து தானே முடிந்து போனதாகத்தான் அவள் பேச்சு இருக்கும். நான் என்று சொன்னால் தலைக்கனம் என்று வளர்க்கப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள், அதே மாதிரி இன்னொரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்றே அவளுக்குப் பழக்கமில்லை.

லோகநாதனுக்கு அந்தச் சொல் புதிதாகக் கிடைத்திருந்தது. முந்தின வாரம்தான் மேனேஜர் பத்மநாபன் சார் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, வளர்ச்சிக்கு வழி என்று நாள் முழுக்க வகுப்பு வைத்திருந்தார். வேலை செய்தால் மட்டும் போதாது, செய்தது தெரிய வேண்டும், உங்கள் வாக்கியம் ஒவ்வொன்றும் 'நான்' என்று ஆரம்பிக்கட்டும் என்று அந்தப் பயிற்சியாளர் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்து, கோரஸாக 'நான், நான்' என்று சொல்ல வைத்தார். செல்வநாயகி அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு.

அன்று சாயங்காலம் அவள் காப்பகத்துக்குக் கிளம்பிப் போனபிறகு ராஜமாணிக்கம் போனில் வந்தார்.

"தம்பி, அந்த ரெட்டச் சீட்டுச் சங்கதி என்னாச்சு?"

"முடிஞ்சிருச்சுங்க சார்" என்றான் லோகநாதன்.

"அட, ஆரு சாமி முடிச்சது? இத்தன நாளா ஒருத்தனாலயும் முடியலியே!"

மூச்சு விடுகிற நேரம்தான் அவனுக்கு இருந்தது. பக்கத்தில் பத்மநாபன் சார் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வநாயகியின் பெயரைச் சொல்ல அவன் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தான், பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, வந்த இடத்தில் வேறொரு சொல் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது.

"நான்தானுங்க சார். நான் முடிச்சேன்."

மறுநாள் காலை நின்றபடி நடக்கும் கூட்டத்தில் அவனுடைய பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது, முகம் எல்லோருடைய முகத்துக்கும் சற்று மேலே தெரிந்தது. பத்மநாபன் சார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லோகு வளர்ச்சி கண்ணுக்கே தெரியுது பாருங்க" என்று சொல்ல, எல்லோரும் கை தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். எதிர்ப்பக்கம் நின்றிருந்த செல்வநாயகியின் துப்பட்டா நுனி தரையில் புரண்டதை ஒருவரும் பார்க்கவில்லை. லோகநாதன் பார்த்தான், பார்த்துவிட்டு, துணி பெரிதாக வாங்கிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டான்.

இந்த மாதிரிச் சங்கதி ஒரு வீட்டில் நடந்திருந்தால் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பார்கள், ஒரு கம்பெனியில் நடந்தால் அதற்குப் பாலிசி எழுதுவார்கள். எழுதினார்கள். ஏனென்றால் வளர்ந்தது லோகநாதன் மட்டும் இல்லை, வகுப்பில் நான் நான் என்று நன்றாகக் கத்தியவர்கள் எல்லோரும் அடுத்தடுத்து வளர்ந்தார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் பேசாமல் வேலை செய்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். வளர்ந்தவர்களின் தலை இடிக்காமல் இருக்கக் கதவு நிலைகளை இடித்து உயர்த்திக் கட்டினார்கள், குறைந்தவர்களுக்கு நாற்காலிக்கு ஒன்றாகத் தலையணை கொடுத்தார்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். காப்பி மெஷினுக்குக் கீழே ஒரு படிக்கட்டு வந்தது. ஹெச்.ஆர். ரெஜினா மேடம், குறைந்தவர்களைக் குள்ளம் என்று யாரும் சொல்லக் கூடாது, 'வளர வாய்ப்புள்ளவர்கள்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். பெண் கொடுக்க வருகிற வீட்டார் சம்பளத்தைக் கேட்பதை விட்டுவிட்டு மாப்பிள்ளையைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தார்கள்.

எல்லோரையும்விடக் கொழித்தவர் கீழே தையல் கடை வைத்திருந்த காதர் பாய். வளர்ந்தவர்களின் பேன்ட்டை நீட்டித் தர வேண்டும், குறைந்தவர்களின் சுடிதாரை வெட்டித் தர வேண்டும், வெட்டிய துணியை எதற்கு வீணாக்குவது என்று அவர் அதையே பேன்ட்டின் கீழ் நுனியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். கறுப்புப் பேன்ட்டில் ரோஸ் கரை, சாம்பல் பேன்ட்டில் புள்ளி போட்ட கரை. முதல் நாள் சிரித்தார்கள், பிறகு பத்மநாபன் சாரே கரை வைத்த பேன்ட்டில் வந்ததும், கரை இல்லாதவனை மீட்டிங்குக்குக் கூப்பிட யோசிக்கும் அளவுக்கு அது மரியாதையாகிவிட்டது.

லோகநாதனின் பேன்ட்டில் வந்து சேர்ந்தது நீலத்தில் மஞ்சள் பூப் போட்ட கரை. காதர் பாய் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு மாடி ஏறும்போது குனிந்து பார்த்தவன், பாதி மாடியிலேயே நின்றுவிட்டான். அந்தப் பூவை அவனுக்குத் தெரியும். முந்தின பொங்கலுக்கு ஆபீஸில் எல்லோரும் புதுத் துணி போட்டு வந்தபோது செல்வநாயகி அதைத்தான் போட்டிருந்தாள், எல்லோரும் நல்லா இருக்கு என்று சொன்னார்கள், அவனும் சொன்னான்.

அன்றிலிருந்து அவன் மனசு குறுகுறுக்க ஆரம்பித்தது. தெரிந்துகொண்டே செய்யக் கூடாது என்று நினைப்பான், சாயங்காலம் போன் வரும், ராஜமாணிக்கம் "ஆரு முடிச்சது?" என்பார், பத்மநாபன் சார் வாயைப் பார்ப்பார், இவன் வாயில் அதே சொல் வந்து விழும். ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பும் பகுதியை அவள் முடித்தாள், இவன் நான் என்றான். பெண்கள் பக்கத்தில் பெண்களுக்கே சீட்டு ஒதுக்கும் பகுதியை அவள் முடித்தாள், இவன் நான் என்றான். ஒவ்வொரு முறையும் அவன் தலை மேலே போயிற்று, அவள் மேலே பார்த்துப் பேச வேண்டியதாயிற்று, அவனுக்குப் பதவியும் உயர்ந்தது, பிறகு மறுபடியும் உயர்ந்தது. வீட்டில் அவன் மனைவி கட்டிலை நீளமாகச் செய்யச் சொல்லி ஆசாரிக்கு ஆளனுப்பினாள், அதில் அவளுக்கு ஏகப் பெருமை. அவனுக்கோ அந்த நீளக் கட்டிலில் படுத்தால் கால் எங்கே முடிகிறது என்று தெரியாத மாதிரி ஒரு அருவருப்பு.

குற்ற உணர்ச்சி வந்தவர்கள் திருடியதைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பதிலாகப் பலகாரம் வாங்கிக் கொடுப்பார்கள். லோகநாதனும் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தான். யாரும் பார்க்காத போது அவள் மேஜைக்குப் போய், "சூப்பரா பண்ணியிருக்கீங்க நாயகி" என்று சொன்னான், தனியாகச் சொன்ன சொல் அவளை ஒரு நூல்கூட உயர்த்தவில்லை. காட்டூரில் ஓர் ஆசாரியிடம் சொல்லி, தேக்கில், வார்னிஷ் போட்டு, அவள் காலை வைத்துக்கொள்ள ஒரு முக்காலி செய்து கொண்டுவந்தான். "எதுக்குங்க லோகண்ணா இதெல்லாம்" என்று அவள் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டாள். அவள் நன்றி சொன்ன விதத்தில் அவனுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, லிஃப்டுக்குப் போய் நின்றுகொண்டான்.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு ஆபீஸில் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். லேப்டாப்புகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டுமேல் சாமந்தி தூவி, பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில், செல்வநாயகியின் மகள் இதழினி, யு.கே.ஜி. படிக்கிற குழந்தை, தாயின் முதுகோடு முதுகை ஒட்டி நின்று கையைத் தலைமேல் வைத்து அளந்து பார்த்தது. பார்த்துவிட்டுக் கூடமே கேட்கும்படிக் கத்தியது.

"அம்மா என்னயவிடக் குட்டி ஆயிட்டா! நான்தான் ஒசரம்!"

எல்லோரும் சிரித்தார்கள். செல்வநாயகியும் சிரித்தாள். குழந்தை அவளைத் தூக்க முடியுமா என்று இடுப்பில் கை போட்டுப் பார்க்க, அவள் சிரித்துக்கொண்டே கையை விலக்கிவிட்டாள், விலக்கிவிட்டு முந்தானையைச் சரி செய்வது போலத் திரும்பிக்கொண்டாள். லோகநாதன் வாயில் போட்ட பொரி அப்படியே இருந்தது, மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அத்தனை பேருக்கும் மேலே அவன் தலை தனியாகத் தெரிந்ததால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை.

மறுநாள் அவளிடம் போய் முக்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தும் அவன்தான் உயரம்.

"நாயகி, நீங்க 'நான்'னு சொல்லோணும். கூட்டத்துல, எல்லாருக்கும் முன்னால. நீங்க சொல்லாததாலதான் இப்படி ஆகுது."

அவள் பொம்மையின் தலையைத் தட்டிவிட்டு, அது ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஆகுதுன்னு எனக்குத் தெரியுமுங்க லோகண்ணா. உங்க பேன்ட்ல என்ற சுடிதாரைப் பாத்தன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சா... அப்பறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். லீவுக்கு எழுதிக் கொடுப்பது மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். தன் தப்பைத் திருத்துகிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டப் பார்த்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆனாலும் அவள் சொல்லிப் பார்த்தாள், பாவம். அடுத்த நாள் காலை வட்டத்தில் எல்லோருடைய முழங்காலுக்கும் நடுவே நின்றுகொண்டு, "பணம் திரும்பற பகுதிய... நான்... முடிச்சேனுங்க" என்றாள். ஆரு பேசறது என்று பத்மநாபன் சார் சுற்றிலும் தேடிவிட்டுக் கடைசியில் கீழே பார்த்தார்.

"நாயகி, நான் நீன்னெல்லாம் பேசக் கூடாதும்மா. டீம்னா எல்லாரும் ஒண்ணு. தலைக்கனம் வந்தா வளர்ச்சி நின்னு போயிரும்."

இந்த மனிதர்தான் நான் சொல்லிக் கொடுக்க ஆள் வைத்து வகுப்பு நடத்தியவர். உயரத்திலிருந்து சொன்னால் அந்தச் சொல்லுக்குத் தலைமைப் பண்பு என்று பெயர், கீழேயிருந்து சொன்னால் தலைக்கனம். லோகநாதன் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அடுத்த வாரம் ஆண்டு விழா, அதில் அவனை அந்த மாடிக்கே தலைமையாக அறிவிக்கப் போவதாகப் பேச்சு. இன்னொரு உயர்வு வந்தால் அவள் என்ன ஆவாள் என்று அவனுக்குத் தெரியும். விழா மேடையில் சொல்லிவிடுவோம், எல்லோருக்கும் முன்னால் சொன்னால்தான் செல்லும் என்று தனக்குத் தானே வாய்தா வாங்கிக்கொண்டான்.

ஆண்டு விழாவுக்குச் சேலத்திலிருந்து ராஜமாணிக்கமே வந்திருந்தார். தீபாவளியும் பொங்கலும் ஒரு சண்டை இல்லாமல் கழிந்த சந்தோஷத்தில் ஆளுயர மாலையோடு வந்திருந்தார், லோகநாதனைப் பார்த்ததும் மாலை போதாது என்று தெரிந்தது. இவன் வாசலில் குனிந்து, மேடையில் குனிந்து, மைக்கை முழு நீளத்துக்கு உயர்த்திக்கொண்டு நின்றான். முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் தலையணைமேல் செல்வநாயகி, பக்கத்து நாற்காலியில் அவளைவிட உயரமாக இதழினி.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுங்க" என்று ஆரம்பித்தான். ஒன்றும் ஆகவில்லை. யார் பெயரும் இல்லாத வாக்கியம் யாரையும் தொடாது. கொஞ்சம் தைரியம் வந்து, "நாங்க எல்லாரும் சேர்ந்து முடிச்சோம்" என்றான். உடனே கூடத்தில் இருந்த அத்தனை பேரும், அந்த மென்பொருளை ஒரு நாளும் கண்ணால் பார்க்காத ரெஜினா மேடம் உட்பட, மயிரிழை உயர்ந்தார்கள். செல்வநாயகிக்கும் அந்த மயிரிழைதான்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான் முடிக்கலீங்க. ரெட்டச் சீட்டு, பணம் திரும்பறது, பொண்ணுங்க சீட்டு, எல்லாம் செல்வநாயகி முடிச்சாங்க. எல்லாப் பெருமையும் அவங்களுக்குத்தான்."

கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான், அவள் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தாள், காலில் செருப்பு இறுகியது, மெய்யாகவே வளரத் தொடங்கினாள். அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதற்குள் ராஜமாணிக்கம் துள்ளி எழுந்தார்.

"அட சாமி! தனக்கு வர்ற பேரை அடுத்தவங்களுக்குத் தூக்கிக் குடுக்கறதுக்கு எத்தன பெரிய மனசு வேணும்! பெரிய மனுசன்யா நீ!"

பத்மநாபன் சார் எழுந்து கை தட்டினார், கூடமே எழுந்து கை தட்டியது. இதுதான் உண்மையான தலைமை என்று ஒருவர் சொன்னார், கண் கலங்கிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். கைதட்டல் ஏற ஏற லோகநாதன் வளர்ந்தான். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான், அதைத் தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் தட்டினார்கள், அவன் தலை போய் மேடைக் கூரையில் முட்டியது. திருடிய போது வளர்ந்ததைவிடத் திருப்பிக் கொடுத்த போது அதிகமாக வளர்ந்துவிட்டான். முதல் வரிசையில் தலையணைமேல் தஞ்சாவூர் பொம்மை அளவுக்குக் குறைந்துபோய்ச் செல்வநாயகி நின்றுகொண்டிருந்தாள், இதழினி சிரிக்காமல், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, தாயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது.

கைதட்டல் ஓய்ந்தபோது செல்வநாயகி மகளிடம் ஏதோ சொன்னாள். குழந்தை அவளைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் அவன் காலடியில், மஞ்சள் பூக் கரைக்குப் பக்கத்தில் இறக்கி விட்டது. அந்தச் சின்ன உருவத்திலிருந்து, அத்தனை வருடமும் அந்த மாடியில் யாரும் கேட்டிராத கோபத்தில், சன்னமாக ஒரு குரல் வந்தது.

"எனக்காக நீங்க பேசுனா அதும் உங்க பக்கமேதான் ஏறுதுங்க. பேசாதீங்க. மைக்கக் கீழ எறக்குங்க."

மைக் கம்பி அவ்வளவு கீழே இறங்காது. லோகநாதன் மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தான், போதவில்லை, மண்டி போட்டான், போதவில்லை, அந்தப் பெரிய உடம்பு முழுவதையும் கூனிக் குறுக்கிக்கொண்டு, நெற்றி மேடைப் பலகையில் படக் கவிழ்ந்து, கையை நீட்டி மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தான். அவன் முகம் யாருக்கும் தெரியவில்லை, அது அவனுக்கு அப்போது பெரிய உதவியாக இருந்தது.

"என்ற பேரு செல்வநாயகிங்க" என்றாள். கூடம் கேட்டது. "ரெட்டச் சீட்டுப் பிரச்சனைய நான் முடிச்சேன்."

பாதம் முதலில் வளர்ந்தது. "பணம் திரும்பற பகுதிய நான் எழுதினேன்." முழங்கால் வந்தது. "பொண்ணுங்க சீட்டை நான் எழுதினேன். அது தப்பாப் போகாம இருக்கச் சோதனையும் நான் எழுதினேன்." ஒவ்வொரு நானுக்கும் குரல் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே அடுத்த நானுக்குப் போயிற்று. அவள் உயர உயர லோகநாதனின் கை மைக்கோடு உயர்ந்தது, அவன் தலை மட்டும் பலகையிலேயே இருந்தது. தன்னுடைய பழைய உயரம் வந்ததும் அவள் நிறுத்திக்கொண்டாள், ஒரு நூல் கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

"பஸ்ஸுல மட்டும் இல்லீங்க. இங்கயும் ஒரே சீட்டுல ரெண்டு பேரு உக்காந்திருந்தோம்" என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. தலையணை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மேடைக்கு வந்து வரிசையில் நின்றார்கள், அன்று முழுக்க அவர்களுக்கெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் அப்படியே கிடந்தான். ராஜமாணிக்கம் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

லோகநாதனின் உயரம் குறைந்ததா என்று கேட்பீர்கள். குறையவில்லை. வந்த உயரம் வந்ததுதான், நிமிரத்தான் முடியவில்லை. முதுகு வளைந்தது வளைந்தபடி நின்றுவிட்டது, டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். வளைந்த முதுகோடு நிற்பவனின் கண் எப்போதும் தன் கால்மேல்தான் விழும்.

மறுநாள் காலை காதர் பாய் கடை திறப்பதற்குக் காத்திருந்து, கத்தரி வாங்கித் தானே உட்கார்ந்து, பேன்ட்டிலிருந்து அந்த மஞ்சள் பூக் கரையைத் தையல் தையலாகப் பிரித்தான். அவளுடைய சுடிதாரை மறுபடி நீட்டித் தைக்க அது வேண்டும் என்று பாயிடம் கொடுத்துவிட்டு, கணுக்கால் தெரிய மாடி ஏறிப் போய் வட்டத்தில் நின்றான். ஏசிக் காற்று காலில் சில்லென்று அடித்தது.

செல்வநாயகியின் முறை வந்தது. "புதுசா ஒண்ணு வந்திருக்குங்க, படிச்சுட்டு இருக்கேன், இன்னும் நான் முடிக்கல" என்றாள். அடுத்தது லோகநாதன்.

"லோகு, நேத்து நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் பத்மநாபன் சார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவன் தரையைப் பார்த்தபடியே, அவசரப்படாமல் யோசித்தான். வட்டம் முழுக்கக் காத்திருந்தது. செல்வநாயகியும் காத்திருந்தாள்.

"நான் மைக் பிடிச்சேனுங்க" என்றான்.

சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டே இருந்தான். பேன்ட் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.